கேட்டுவிட்டு அழிப்பவர்

தெருவில் அவரை ரப்பர் என்றுதான் சொல்வார்கள். கடைப் பலகையில் வேறு பெயர் இருந்தது. மழையில் அது போன பிறகு அவர் திரும்ப எழுதவில்லை. வழி கேட்டு வருகிறவர்களிடம் கீழே இருக்கும் பேக்கரிக்காரர், "ரப்பரா? மாடிக்குப் போங்க. செருப்பை மட்டும் கழட்டிடுங்க, தூசின்னா ஆளு கத்துவாரு" என்பார்.

போட்டோக்களில் கறை அழித்துக் கொடுக்கும் அவருக்கு மாடியில் ஒரே அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. சுவர்களுக்குச் சாம்பல் நிறம். சுவரில் வேறு நிறம் இருந்தால் திரையில் தெரியும் முகம் பொய் சொல்லும் என்பது அவர் கருத்து. மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பூதக்கண்ணாடி, மயிரிழை போன்ற இரண்டு தூரிகைகள். ஃபிலிம் காலத்தில் நெகட்டிவ் மேல் பென்சில் முனையால் புள்ளி புள்ளியாக வைத்துப் பருவை மறைப்பார். பிரிண்டில் வெள்ளைப் பொட்டு விழுந்திருந்தால் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி மை வைப்பார். கீழுதட்டின் நடுவில் கறுப்பாக ஒரு கறை அப்படித்தான் தங்கிப்போனது. கம்ப்யூட்டர் வந்தபோது அந்தத் தொழிலில் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவருக்குச் சந்தோஷம். "அப்பாடா, இனிமே மை திங்க வேண்டாம்" என்றார்.

அவர் தொழிலில் ஒரு விதி இருந்தது. அது எப்படி வந்தது என்பதை மட்டும் கேட்டால் சொல்வார்.

ஆரம்ப நாட்களில் ஒரு தாய் தன் மகளின் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டு வந்தாள். மகள் தூரதேசம் போகுமுன் எடுத்தது. மோவாயில் ஒரு தழும்பு. கேட்காமலேயே, உபகாரமாக, அவர் அதை எடுத்துவிட்டார். நல்ல வேலை. தோலின் துளைகள்கூட அப்படியே இருந்தன. தாய் படத்தை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாரு இது?"

"உங்க பொண்ணுதாம்மா."

"நடக்கப் பழகுறப்ப மேஜை முனையில விழுந்தா. நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். ரத்தத்தை என் முந்தானையில பிடிச்சேன். அதை எடுக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?"

அன்றிலிருந்து விதி. ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும் அடையாளத்தை யாரையும் கேட்காமல் எடுக்கலாம். பரு, கொசுக்கடி, தூக்கம் கெட்ட கருவளையம். போகாததை, அதற்குச் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் வழுக்கைக்கு முடி வைக்கச் சொல்லி அண்ணன்காரர் வந்தால், "தலைக்குச் சொந்தக்காரர் வரட்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குகிற மாதிரி வாங்குகிறார் என்று ஊரில் சிரித்தார்கள். வாடிக்கை குறையவில்லை.

இந்த விதியால் வீட்டில் ஒருமுறை பெரிய சங்கடம் வந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. வீட்டில் எல்லோருக்கும் அவன் தம்பிதான். தண்ணீர் சுத்தப்படுத்தும் இயந்திரம் விற்றான், பிறகு நடைப்பயிற்சி இயந்திரம், பிறகு காப்பீடு. எதுவும் ஒட்டவில்லை. ஒரு கட்டத்தில் அக்கா வீட்டுப் பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்தான். எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், போவான். ஒரு வருடம் போல அவன் குரலை யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் அந்த அறையிலிருந்து பேச்சு கேட்டது. செல்போனை நாற்காலி முதுகில் சாய்த்து வைத்து, அதனிடம் பேசி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கடலில் மூழ்கிய நகரங்கள். கல்லை உருக்கத் தெரிந்தவர்கள். வானத்திலிருந்து இறங்கி, கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். கனமான குரல். பதில் தேவைப்படாத மாதிரி கேள்வி கேட்க அவனுக்கு வந்தது. "இதை மனுஷன் செஞ்சிருக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவான். அந்த நிறுத்தத்துக்காகவே ஊர் ஊராக ஆட்கள் பார்த்தார்கள்.

அடுப்பு மேடையில் செல்போனை வைத்துக்கொண்டு அக்காவும் பார்ப்பாள்.

"இதெல்லாம் நெசமா?" என்று ரப்பர் ஒருமுறை கேட்டார்.

"நெசமோ பொய்யோ, அவன் பேசறான்ல. பேசாம கெடந்தானே, அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

அந்தத் தம்பி ஒருநாள் மாடிக்கு வந்தான். செருப்பைக் கழற்றியிருந்தான். தூரதேசத்தில் ஒரு மலைமேல் யாரோ என்றோ கட்டி விட்டுப்போன கல்சுவரை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஆளுயரக் கற்கள். ஒன்றோடொன்று பொருந்திய இடத்தில் தாள்கூட நுழையாது. இரவல் வாங்கிய பெரிய கேமராவில் சுவரைத் துண்டு துண்டாக எடுத்து ஒரே படமாகச் சேர்த்திருந்தான். ஊர்மன்றத்தில் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. முதல்முறையாக ஆட்களுக்கு முன்னால் நின்று பேசப்போகிறான். மேடையின் பின்சுவர் முழுக்க இந்தப் படம் அச்சாகித் தொங்க வேண்டும்.

"மாமா, இது உங்க கையாலதான் ஆகணும்."

"என்ன பண்ணணும்?"

"சுத்தம் பண்ணணும். பாசி, பறவை எச்சம், அப்புறம் கல்லு மேல அங்கங்க சொரசொரன்னு ஏதோ தெரியுது, அது வெயில் விழுந்த விதம். அதை மழமழன்னு ஆக்கிடுங்க."

"நெசத்துல மழமழன்னு இருக்கா?"

"கண்ணால பாத்தவன் சொல்றேன். ஒரு உளித்தடம் கிடையாது மாமா. அதான் என் பேச்சோட உயிரு."

போகும்போது வாசலில் நின்று, "அன்னிக்குக் கோட்டு போடட்டுமா, சட்டையே போதுமா?" என்று கேட்டான். ரப்பர் சட்டை போதும் என்றார். இறங்கிப் போனவன் பாதிப்படியிலிருந்து அதையே மறுபடி கேட்டான்.

முதலில் பறவை எச்சம். மழைக்குப் போய்விடும். கேட்க வேண்டியதில்லை. பாசி. அதுவும் வெயிலுக்குப் போகும். எடுத்தார். பிறகு சொரசொரப்புக்கு வந்தார். ஒரு கல்லைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

படம் சாயங்கால வெயிலில் எடுத்தது. வெளிச்சம் பக்கவாட்டில் வந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போயிருந்தது. கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஓரம் வெளிச்சம், ஒரு ஓரம் இருட்டு. உளி இல்லை. உளியென்றால் கோடு விழும். இவை உருண்டை. கல்லைக் கல்லால் அடித்திருக்கிறார்கள்.

இன்னும் பெரிதாக்கினார். கல்லின் நடுவில் குழிகள் அகலமாக இருந்தன. ஓரத்தை நெருங்க நெருங்கச் சிறுத்தன. இணைப்பின் விளிம்பில் ஊசி குத்திய மாதிரி. நடுவை அடிக்கப் பெரிய கல், ஓரத்துக்குச் சின்னக் கல். கன்னத்துக்குப் பெரிய தூரிகையும் கண்ணோரத்துக்குச் சின்னதும் எடுக்கிற மாதிரி. ரப்பர் கையிலிருந்த கம்ப்யூட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு அந்த இடம் வந்தது.

ஒரு கல்லின் வலது பக்கத்தில் மற்றவற்றைவிட ஆழமாக ஒரு குழி. கை தவறியிருக்கிறது. அதில் ஆச்சரியமில்லை. அதைச் சுற்றியிருந்ததுதான். குழிக்குப் பக்கத்தில் குழிகள் ரொம்பப் பொடியாக, நெருக்கமாக, வேறு ஒரு கையின் வேகத்தில் இருந்தன. அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அது. ஒரு கறையை மறைக்கக் கறையின் மேல் மட்டும் வேலை செய்யக்கூடாது. அங்கே மட்டும் செய்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். சுற்றியிருப்பதையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கல்லிலோ பள்ளத்தை நிரப்ப வழியில்லை. அதனால் சுற்றியிருந்த முகத்தை, கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கே இறக்கியிருக்கிறார்கள். ஒருத்தர் கை தவறியிருக்கிறது. இன்னொருவர் வந்து அழித்திருக்கிறார்.

ரப்பர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். அறையில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது.

மனைவி டீயோடு வந்தாள்.

"இங்க வந்து பாரு."

பார்த்தாள். "குழி குழியா இருக்கு."

அவர் சொன்னார். எங்கே தவறியது, எங்கிருந்து எதுவரை இறக்கியது, எப்படிச் சேர்த்தது. அவள் திரைக்கு அருகில் குனிந்தாள். டீ ஆறியது.

"திட்டு வாங்கியிருப்பான்" என்றாள்.

"யாரு?"

"கை தவறினவன்." ஆறிய டம்ளரைக் கையில் எடுத்தாள். "சரி பண்ணினவரு திட்டியிருக்க மாட்டாரு. அந்த வேலையைப் பாத்தா திட்டுற ஆளு மாதிரி தெரியல."

மறுநாள் எதிர்மனையில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு கருங்கல் துண்டையும் கைக்கு அடங்கும் கூழாங்கல்லையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தார். அடித்தார். துணி காயப்போட வந்த மனைவி, "என்னங்க, ஜெயில்ல போட்டுட்டாங்களா?" என்றாள். கீழேயிருந்து பேக்கரிக்காரர், "ரப்பரே, மாவுல விழுது! தூசிக்குக் கத்துற ஆளா இப்படி?" என்று சத்தம் போட்டார். துணி காய்ந்து அவள் எடுக்க வந்தபோது கல்லில் ஒரு பள்ளம் இருந்தது. சுண்டுவிரல் நுனியை வைக்கலாம். உள்ளங்கை வீங்கியிருந்தது.

அவர் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். செய்ய முடியாதது எதுவும் அதில் இல்லை. அதுதான் அவரை மலைக்க வைத்தது. அந்தச் சுவரில் இருந்த ஒவ்வொரு அடியும் அவரே அடிக்கக்கூடிய அடி. பேக்கரிக்காரர் அடிக்கலாம். அவள் அடிக்கலாம். அப்படிப்பட்ட அடிகளையே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் போய் ஒரு மலையின் விளிம்பு வரைக்கும் போயிருக்கிறார்கள். வானத்திலிருந்து யாராவது வந்து கட்டியிருந்தால் பரவாயில்லை, சின்ன விஷயம் என்று தோன்றியது.

தம்பி வந்தான்.

"மாமா, எது வரைக்கும் ஆச்சு?"

"பறவை எச்சம் போயிடுச்சு. பாசி போயிடுச்சு."

"மிச்சம்?"

"மிச்சம் ஒரு ஆளோடது. கேக்கணும்."

"எந்த ஆளு?"

ரப்பர் பெரிதாக்கிக் காட்டினார். தம்பி பார்த்தான்.

"காத்து அரிச்சது மாமா."

"காத்துக்கு ஓரம் வந்தா சின்னதா அடிக்கத் தெரியுமா?"

"அப்ப மழை."

"மழை மேலேருந்து கீழதானடா வரும். இது படுக்கையா வரிசை போகுது பாரு."

"நீங்க பரு எடுக்கிற ஆளு. உங்களுக்கு எதைப் பாத்தாலும் பருவாத்தான் தெரியும்."

"பரு தெரியும்கிறதாலதான் சொல்றேன். இது பரு இல்ல, தழும்பு. நீ அந்தச் சுவருகிட்டப் போய்ப் பாத்தியா?"

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுத்தான். "கயிறு கட்டியிருந்தாங்க. தூரத்துலேருந்துதான்."

"கை தவறின இடத்தைப் பாரு. இங்க."

தம்பி பார்த்தான். அந்தப் பொடிக் குழிகளைத் தொட வந்த விரல் திரைக்கு முன்னால் நின்றது. அவன் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. பிறகு நாற்காலியில் சாய்ந்தான்.

"அதை எடுத்துடுங்க மாமா."

"யாரைக் கேட்டு?"

"செத்து மண்ணாகி எத்தனை ஆயிரம் வருஷமோ ஆச்சு! யாரைப் போய்க் கேப்பீங்க?"

"அதான் எனக்கும் தெரியல. தெரியாம எப்படித் தொடறது?"

"எல்லாத்துலயும் வெளையாடாதீங்க." அது செல்போனில் கேட்கிற குரல் இல்லை. "அங்க நின்னப்ப அழுதுட்டேன் மாமா. பக்கத்துல நின்னவங்க தண்ணி குடுத்தாங்க. அவ்வளவு பெருசு. இதை மனுஷன்தான் பண்ணான்னா, நானும் மனுஷன்தானே? நான் என்ன பண்ணேன் இத்தனை வருஷம்? சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தேன்."

கதவருகே அக்கா நின்றிருந்தாள்.

"அழுதது சரிதான்டா" என்றார் ரப்பர். "படம் பாத்த எனக்கே அறையில யாரோ இருக்கிற மாதிரி இருந்துச்சு. ஆனா இதை நான் தொடமாட்டேன். வேற யார்கிட்ட வேணா குடு. கோவிச்சுக்க மாட்டேன்."

தம்பி படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனான். மனைவி அன்று அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "அவன் மறுபடி படுத்துட்டா, நீங்கதான் போய் எழுப்பணும்."

அவர் பின்னறையின் கதவைப் பார்த்தார். நியாயம்தான். அழிப்பதற்கு அவருக்கு ஒரு சாயங்காலம் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் மேடையேறிப் பேசிவிட்டு நிமிர்ந்து வீட்டுக்கு வருவான். இரண்டுமுறை கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டுமுறையும் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குள் தம்பி வேறு வழி கண்டுபிடித்திருந்தான். ஏதோ ஒரு செயலியில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடுமாம். செய்து அக்காவின் செல்போனுக்கு அனுப்பியிருந்தான். அவள் ஈரக்கையோடு திறந்தாள்.

"என்னங்க இது, பாத்ரூம் சுவரா?"

அவர் எட்டிப் பார்த்தார். அவளே தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

"எந்த ஊரு சுவருடா இது?"

"அதே சுவருதான்க்கா. நல்லா வந்திருக்குல்ல?"

"அன்னிக்கு மாமா காட்டினதைப் பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல நான். இதைப் பாத்தா ஒரு துணி எடுத்துத் துடைக்கணும்னு தோணுது. அவ்வளவுதான்."

தம்பி போனை வைத்துவிட்டான். கூட்டம் நடத்துகிறவர்களோடு தங்கிக்கொண்டு, கூட்டத்து நாள்வரை வீட்டுக்கு வரவும் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. எந்தப் படம் அச்சுக்குப் போனது என்று இருவருக்கும் தெரியாது.

மன்றத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ரப்பரும் மனைவியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையின் பின்சுவர் முழுக்கச் சுவர் தொங்கியது. அத்தனை தூரத்திலிருந்து எதுவும் சொல்ல முடியவில்லை. வழவழப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிரயோஜனமில்லை.

தம்பி வெறும் சட்டையில் வந்தான். ஆரம்பத்தில் வார்த்தை தடுக்கியது. பிறகு குரல் பிடிபட்டது. மூழ்கிய நகரங்கள் வந்தன. வானத்திலிருந்து வந்தவர்கள் வந்தார்கள். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. பிறகு அவன் திரும்பி, தொங்கிய படத்தைக் காட்டினான்.

"இந்தக் கல்லைப் பாருங்க" என்றான். வழக்கமான நிறுத்தம். அடுத்து வர வேண்டியது உளித்தடம் இல்லை என்கிற வாக்கியம். மனைவி ரப்பரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நிறுத்தம் நீண்டது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தம்பி கடைசி வரிசையைப் பார்த்தான்.

"நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு நட்சத்திரங்களுக்குப் போய்விட்டான். பேச்சு முடிந்தது. கை தட்டினார்கள். பாதிக்கு மேல் கட்டுக்கதைதான். ரப்பரும் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் ஆட்கள் மேடையேறிப் படத்தைச் சுற்றி நின்றார்கள். இவர்களும் போனார்கள். கிட்டே போகப் போகக் குழிகள் தெரிந்தன. எல்லாம் இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை.

ஒரு பெண்மணி மூக்கு இடிக்கும் அளவுக்கு அருகில் நின்று, "இது என்ன தம்பி, புள்ளி புள்ளியா?" என்று கேட்டாள்.

தம்பி சுற்றிலும் பார்த்தான். செல்போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நெற்றியைத் துடைத்தான்.

"அடிச்சது" என்றான். "கல்லால கல்லை." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "இங்க ஒருத்தருக்குக் கை தவறிடுச்சு. இன்னொருத்தர் வந்து, அது தெரியாம இருக்கணும்னு, சுத்தி எல்லாத்தையும் இறக்கியிருக்காரு. எங்க மாமா கண்டுபிடிச்சது."

அந்தப் பெண்மணி மெதுவாகத் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர் வைத்தார். பிறகு வரிசையாக வைத்தார்கள்.

தம்பி காட்டிய இடம் தவறு. அவன் அடுத்த கல்லைக் காட்டியிருந்தான். அந்த ஆழமான குழி இருந்தது இணைப்புக்கு மறுபக்கக் கல்லில். திருத்தலாம் என்று ரப்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கையைத் தூக்கினார். அப்படியே நின்றார்.

மாடியில் அவர் முழுச்சுவரையும் பார்த்தபோது அது உள்ளங்கை அகலத்தில் இருந்தது. பெரிதாக்கியபோது ஒரு துண்டு. இரண்டுக்கும் நடுவிலான அளவில் அதை அவர் பார்த்ததே இல்லை. அருகில் வைத்துப் பார்க்கிற கண் அவருடையது. இங்கே சுவர் தன் அளவிலேயே இருந்தது. தம்பி கை வைத்திருந்த கல்லிலும் அதே பொடிக் குழிகள். அதே நெருக்கம். அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. யாருடைய காலையோ மிதித்தார். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இறக்கம் ஒரு கல்லோடு நிற்கவில்லை. இணைப்பைத் தாண்டிப் பக்கத்துக் கல்லுக்குப் போயிருந்தது. மேல்கல்லின் அடிப்பாகத்துக்கும். ஒரு பெரிய தட்டின் குழிவைப் போல, ஒரு ஓரம் சற்றே இருண்டு ஒரு ஓரம் சற்றே வெளுத்து, சுவரில் பாதி அந்த ஒரு தவறுக்காக வளைந்து கொடுத்திருந்தது. அப்படியானால் கற்களை வைத்து முடித்த பிறகுதான் செய்திருக்கிறார்கள். அந்த ஆள் சுவருக்கு முன்னால் நின்று பார்த்திருக்கிறார். போதவில்லை என்று தோன்றியிருக்கிறது. ஓர் அடி பின்னால் வந்திருப்பார். இன்னொரு அடி.

"மாமா, நான் காட்டின இடம் சரிதானே?" என்றான் தம்பி.

"சரிதான்" என்றார் ரப்பர்.